மழை வந்தால் நெட் நிற்கிறது, முறைப்பாடு மட்டும் ‘தீர்ந்துவிட்டது’

மஸ்கெலியா டீச்சர்:

வணக்கம். மஸ்கெலியாவுக்குச் சற்று மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பகலில் பாடசாலை. மாலை ஆறரைக்கு ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள் பதினொரு பேருக்கு சூமில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். டவுனுக்கு டியூஷன் போக பஸ் காசு இல்லாத பிள்ளைகள். வீட்டிலிருக்கும் ஒரே போன், அம்மா தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அதனால் அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை.

என்னிடம் இருப்பது சிம் போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர். விடியக்காலையில் நன்றாகவே வேலை செய்கிறது. மாலை ஆறு மணியானால் குரல் அறுந்து அறுந்து போகிறது. மழை பிடித்தால் சில நாள் அடியோடு நின்றுவிடும். மே மாதம் தொடங்கினால் இந்தப் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் என் மனதை நோகடிப்பது வாடிக்கையாளர் சேவைதான். தமிழுக்கான எண்ணை அழுத்திவிட்டு இருபது, இருபத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்க வேண்டும். பிறகு ஒருவர் வந்து, “ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க மிஸ்” என்பார். முறைப்பாட்டு இலக்கம் தருவார். மூன்றாம் நாள் ‘உங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். வரும். வீட்டுக்கு ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். இப்படி நான்கு முறை. நான்காம் முறை ஏன் மூடினீர்கள் என்று விடாமல் கேட்டேன். “உங்களுக்கு எடுத்தோம், போன் போகவில்லை, அதனால் மூடிவிட்டோம்” என்றார்கள். என் கைப்பேசியும் அதே நிறுவனத்தின் சிம்தான். வீட்டில் சிக்னல் இல்லை என்பதுதானே முறைப்பாடே? பில்லை ஒரு மாதமும் பிந்திக் கட்டியதில்லை. அழுகையே வந்துவிட்டது.

கூரையில் அன்டெனா பூட்டினால் சரிவருமா? அது எனக்குப் பெரிய காசு. இதற்கு மேல் யாரிடம் போவது?

அட்டன், ரவுட்டர் பூட்டுகிறவர்:

மிஸ், அன்டெனாவுக்கு இப்போதே காசு கொடுக்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு மூன்று சேர்ந்திருக்கிறது போலத் தெரிகிறது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் போட்டு உள்ளே போங்கள். ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஒரு எண் இருக்கும். அதுதான் சிக்னலின் பலம். மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் மோசம். காலையும் மாலையும் பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு நேரமும் எண் ஒன்றாக இருந்து வேகம் மட்டும் மாலையில் விழுந்தால் டவரில் நெரிசல். எல்லாரும் வேலை விட்டு வந்து வீடியோ பார்க்கிற நேரம் அது. அன்டெனா பூட்டினாலும் அந்த நெரிசல் தீராது, நிறுவனம்தான் டவரின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும்.

மழை நேரம் அந்த எண்ணே விழுந்தால் இடையில் மரம் இருக்கிறதா பாருங்கள். மூடுபனிதான் சிக்னலைத் தின்கிறது என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள். இந்த அலைவரிசைகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. நனைந்த இலைதான் தடுக்கும், அதிலும் யூகலிப்டஸ் தோப்பு. தகரக் கூரைக்கு அடியில், சுவர் மூலையில் ரவுட்டரை வைத்திருந்தால் இன்னும் மோசம்.

அடியோடு நின்றுபோகிற நாளில் கரண்ட் இருக்கிறதா கவனியுங்கள். மரம் விழுந்து கரண்ட் போனால் டவர் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். ரவுட்டருக்கு யூ.பி.எஸ். போட்டும் அப்போது பயனில்லை.

இடி நேரம் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசியில் இடியில் கருகிய ரவுட்டர் எத்தனையோ என் கைக்கு வருகிறது.

பண்டாரவளை அக்கா:

தங்கச்சி, இனிப் போனில் பேசாதீங்க, எழுதுங்க. நான்கு முறைப்பாட்டு இலக்கம், திகதி, வந்த எஸ்.எம்.எஸ்., அட்டன் தம்பி சொன்ன அந்த சிக்னல் எண்கள், எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் போட்டு முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்க. தொடர்பு இலக்கமாக உங்கள் போனைக் கொடுக்காதீங்க. லேண்ட் லைன் உள்ள கடையோ, வேறு நிறுவனத்து சிம் வைத்திருக்கிற அயலவரோ பாருங்க.

பதில் இல்லாவிட்டால் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிற தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தை 1996இல் 27ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தியபோது வந்தது, இந்த நிறுவனங்களுக்கெல்லாம் மேலே இருப்பது. நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்ததற்கு ஆதாரம் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். தமிழிலேயே எழுதுங்க. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. நம் ஆட்கள் ஆங்கிலம் வராது என்று எழுதாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பொறுக்காது.

தலவாக்கலைத் தம்பி:

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் இங்கே வந்துவிட்டதே மிஸ், டவரே வேண்டாமே.

மஸ்கெலியா டீச்சர்:

தம்பி, அதன் மாதக் கட்டணம் எனக்குக் கட்டாது.

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஒன்பது நாள் எழுதிவைத்தேன். முன்னறை மூலையில் மைனஸ் 113. குசினி ஜன்னலில் இருந்து நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் டவர் தெரிகிறது, இடையில் மரமில்லை. அங்கே வைத்ததும் மைனஸ் 96. மழையிலும் பெரிதாக விழவில்லை. அன்டெனாக் காசு மிச்சம். ஆறு மணி வேகம் மட்டும் அப்படியேதான், அண்ணா சொன்ன நெரிசல். வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலும் வைட்போர்டும் மட்டும் வைத்துப் பாடம் நடத்துகிறேன். பதினொரு பேரில் எட்டுப் பேர் கடைசிவரை இருந்தார்கள்.

சந்திக் கடை முதலாளியின் லேண்ட் லைனைக் கொடுத்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்தாம் நாள் கடைக்குப் போன் வந்தது, ஒருவர் நேரிலும் வந்தார். மாலையில் டவர் நிறைந்துபோவதை அவரே ஒப்புக்கொண்டார், எழுத்தில் தரமாட்டாராம். அதனால் ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதுகிறேன். இதே டவரில் இருக்கும் பதினாறு வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கீழ் லயத்து வீடுகளில் இன்னும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.