பிள்ளைப்பேறுக்குப் பிறகு தும்மினா சலம் போகுது, ஆரிட்டக் காட்டுறது?

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
அக்காமார், வெக்கத்தை விட்டுத்தான் எழுதுறன். ரெண்டாவது பிள்ளை பிறந்து அஞ்சு மாசமாகுது, நோர்மல் டெலிவரிதான் ஆனா கனநேரம் முக்கியும் வரேல்லையெண்டு தலையில கப் வச்சு இழுக்கிற வாக்கியூம் போட்டுத்தான் எடுத்தவை, பிள்ளையின்ர நிறையும் கூடத்தான். அதுக்குப் பிறகு தும்மினா, சத்தமாச் சிரிச்சா, தண்ணி வாளி தூக்கினா கொஞ்சம் சலம் போயிடுது. முதல் பிள்ளைக்கு இப்பிடி இருக்கேல்ல. லீவு முடிஞ்சு திரும்ப கார்மென்ட்சுக்குப் போறன், அங்க நினைச்ச நேரம் மிஷினை விட்டு எழும்பேலாது, அதால விடியவில இருந்து தண்ணி குடிக்கிறதையே குறைச்சிட்டன், பால் குடுக்கிற நேரத்தில அது கூடாதெண்டும் தெரியும். மாமிட்டச் சொன்னா "எங்களுக்கெல்லாம் இருந்ததுதான், நீ பத்தியம் ஒழுங்காக் காக்கேல்ல, இலை குழை அவிச்ச வேதுத்தண்ணி வாக்க விடேல்ல" எண்டுறா. இவருக்கு இன்னும் சொல்லேல்ல. கிளினிக்கில பிள்ளையின்ர நிறை பாக்கினம் ஊசி போடினம், என்னை ஒண்டும் கேக்கினமில்லை. இது தானா மாறுமோ? காட்டுறதெண்டா யாழ்ப்பாணம்தான் போகோணுமோ?

மல்லாவி அம்மா:
பிள்ளை, மாமி சொன்னதில பாதி சரி. கனபேருக்கு வாறதுதான், பிள்ளை பெத்த பொம்பிளையளில மூண்டில ஒராளுக்குக் கிட்ட இந்தக் கரைச்சல் இருக்கு. ஆனா கனபேருக்கு வருதெண்டதுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கோணும் எண்டில்லை. பத்தியத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. வயித்தில பாரம் சுமந்தும், முக்கியும், வாக்கியூம் போட்டும் கீழ் இடுப்புக்குள்ள சலப்பையைத் தாங்கிற தசை தொய்ஞ்சு போகுது, அவ்வளவுதான். சிசேரியன் எண்டாலும் சிலபேருக்கு வரும். தண்ணியைக் குறைக்காதையும், சலம் தடிச்சா சலப்பை இன்னும் எரிச்சல்படும், கிருமியும் பிடிக்கும். குறைக்கிறதெண்டா பிளேன்ரீயைக் குறையும்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
முதல் உங்கட ஏரியா மிட்வைஃபிட்டச் சொல்லுங்கோ. கிளினிக்கில சனத்துக்கு நடுவில கதைக்க ஏலாட்டி போன் எடுத்து "உங்களோட தனியக் கதைக்கோணும்" எண்டாக் காணும், அவ வீட்டை வருவா. கிளினிக்கில கேக்கேல்லையெண்டது உண்மை, பிள்ளை பெத்து ஒரு மாசம் ஒண்டரை மாசத்தில தாயைப் பாக்கேக்க இதையும் கேக்கோணும், ஆனா நெரிசலில விட்டுப்போகுது, தாய்மாரும் வாய் திறக்கிறேல்ல. அவ எம்.ஓ.எச். எண்ட உங்கட பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிட்டக் காட்டுவா, அவர் முதல் செய்விக்கிறது யூரின் டெஸ்ட்தான், கிருமி இருந்தாலும் இப்பிடித்தான் இருக்கும். தேவையெண்டா அவரே கடிதம் தருவார். யாழ்ப்பாணம் ஓடத் தேவையில்லை, முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரி இருக்கு, கிளிநொச்சி, வவுனியா பெரியாஸ்பத்திரியள் இருக்கு, விஓஜி எண்ட மகப்பேற்று, பெண்நோய் விசேட டொக்டரின்ர கிளினிக்குக்கு அந்தக் கடிதத்தோட போகலாம். காசு கட்டத் தேவையில்லை.

ஒண்டை மட்டும் கவனியுங்கோ. தும்மாமல் இருமாமல் இரவு பகலா ஒழுகிக்கொண்டே இருந்தாலோ, முட்டிக்கொண்டு நிண்டும் சலம் போகாட்டியோ, அந்த இடம் விறைச்ச மாதிரி இருந்தாலோ, காய்ச்சலோ ரத்தமோ வந்தாலோ, கிளினிக் நாள் பாத்துக்கொண்டு நிக்காமல் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

பிசியோ தங்கச்சி:
நான் பிசியோதெரபி செய்யிறனான், தொய்ஞ்ச அந்தத் தசையை இறுக்கிற எக்சசைஸ் ஒண்டு இருக்கு, அதை விளக்கமாச் சொல்லுறன் ஏனெண்டா "இறுக்குங்கோ" எண்டு மட்டும் சொல்லி விட்டா கனபேர் பிழையாத்தான் செய்யினம். காத்துப் போகாமல் அடக்கிற மாதிரி பின்பக்கத்தை இறுக்கி, அதோட சலத்தை அடக்கிற மாதிரி முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளுக்கு மேல இழுக்கோணும். மூச்சை அடக்கக் கூடாது, தொடை, குண்டி இறுகக் கூடாது, கீழ முக்கவே கூடாது. துவக்கத்தில மூண்டு நாலு செக்கன் பிடிச்சு அந்தளவு நேரமே விட்டு இளைப்பாறுங்கோ, போகப் போக 10 செக்கனுக்குக் கொண்டு வரலாம். ஒருக்கால் இருந்தா 8 தரம், ஒரு நாளைக்கு மூண்டு வேளை. பிறகு டக்கு டக்கெண்டு இறுக்கி விடுறதும் கொஞ்சம். மிஷினில இருந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில இருக்கிறவைக்குத் தெரியாது, பால் குடுக்கேக்க செய்தா மறக்கவும் மாட்டியள். சலம் போகேக்க இடையில நிப்பாட்டிப் பழகச் சொல்லி சிலபேர் சொல்லினம், அதைப் பழக்கமாக்க வேண்டாம், சலப்பை ஒழுங்கா வெறுமையாகாது.

தும்மல் வரப்போகுதெண்டு தெரிஞ்ச உடன, வாளி தூக்கமுதல், ஒருக்கா இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு தும்முங்கோ தூக்குங்கோ. இது கெதியா உதவும், மற்றது குறைஞ்சது மூண்டு மாசம் விடாமல் செய்யோணும், ரெண்டு கிழமையில ஒண்டும் தெரியேல்லையெண்டு விட்டிடாதேங்கோ. சரியா இறுக்கிறீங்களோ எண்டு ஆஸ்பத்திரி பிசியோ யூனிட்டில ஒருக்கா பாத்தா நல்லம். மலச்சிக்கல் இருந்தா அதையும் பாருங்கோ, முக்க முக்க அந்தத் தசைதான் இன்னும் தொய்யும். முருங்கையிலை, பப்பாப்பழம், தண்ணி, அது காணும்.

செட்டிக்குளம்:
பிசியோ தங்கச்சி சொல்லுறது உண்மை. 2009இல முகாமில இருக்கேக்க மகன் கைக்குழந்தை, கக்கூசுக்கு லைன்ல நிக்கேக்க எத்தினை நாள் நனைஞ்சிருப்பன், அந்த நேரம் இதை ஆரிட்டச் சொல்லுறது, உயிரோட வந்ததே பெரிசு. பிறகு கனவருசம் கழிச்சுத்தான் விஓஜியிட்டப் போனனான், எக்சசைஸ் தந்தவை, நல்லாக் குறைஞ்சிட்டு. என்ர அம்மாக்கு கர்ப்பப்பை இறங்கி, ரப்பர் வளையம் ஒண்டு உள்ளுக்கு வச்சு விட்டவை, இப்ப வயலுக்கும் போறா. கீழ ஏதோ இறங்கி நிக்கிற மாதிரிப் பாரமா இருந்தா அதையும் டொக்டரிட்டச் சொல்லோணும் பிள்ளை. ஒப்பரேசனெண்டு பயப்படாதையும், இனிப் பிள்ளை வேண்டாமெண்ட பிறகு, எக்சசைசும் சரிவராட்டித்தான் அதைப் பற்றிக் கதைப்பினம்.

பரந்தன் ஆள்:
நான் ஆம்பிளை, இதுக்குள்ள எழுதுறதுக்கு மன்னிக்கோணும். என்ர மனுசியும் ஒளிச்சுத்தான் வச்சிருந்தவ, கோயிலுக்கும் வரமாட்டன் கலியாண வீட்டுக்கும் வரமாட்டன் எண்டேக்க நான் என்னில ஏதோ கோவமெண்டு நினைச்சன். உங்கட மனுசனுக்குச் சொல்லுங்கோ தங்கச்சி, குறைஞ்சது அந்தத் தண்ணி வாளியையாவது அவர் தூக்கட்டும்.

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. இரவு இவருக்குச் சொல்லிப்போட்டன், அவர் "இதுக்கேன் அழுறாய்" எண்டுதான் கேட்டவர். மிட்வைஃப் மிஸ் வெள்ளிக்கிழமை வாறனெண்டிருக்கிறா. விஓஜி ஆம்பிளை டொக்டரா இருந்தா என்ன செய்யிறது? என்ன கொண்டு போகோணும்?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
ஆம்பிளை டொக்டர் பாத்தாலும் பக்கத்தில நேர்ஸ் நிப்பா, நிக்காட்டி நிக்கச் சொல்லிக் கேளுங்கோ, கேக்கலாம். கர்ப்பிணிக் கொப்பியும், டெலிவரி முடிய ஆஸ்பத்திரியில தந்த துண்டும் கொண்டு போங்கோ, வாக்கியூம் போட்டது அதில இருக்கும். அதுக்கு முதல் மூண்டு நாளைக்கு ஒரு கொப்பியில எழுதுங்கோ, என்ன குடிச்சது, எத்தினை மணிக்குப் போனது, எப்ப தன்ர பாட்டில போனது, அந்த நேரம் என்ன செய்துகொண்டு நிண்டது எண்டு. பாவாடையோ சேலையோ உடுத்துக்கொண்டு போங்கோ, சோதிக்கிறது சுகம்.