உப்புவெளிக் குடும்பம் குழு: இரவுச் சூப் பிரச்சினை

சுகந்தி: எல்லாருக்கும் ஒரு கேள்வி. கிளினிக்கில் கொஞ்சம் மெலியச் சொன்னதால் இரவில் சோறு, பாண், இடியப்பம் எல்லாம் விட்டுச் சூப் குடிக்கிறேன். எட்டு மணிக்குக் குடித்தால் பத்து மணிக்கே வயிற்றைக் கிள்ளுகிறது, கால் தானாகப் பிள்ளைகளின் பிஸ்கட் டின் பக்கம் போகிறது. என்ன செய்ய?

கோபி: சூப்பில் என்ன போடுகிறீர்கள் அக்கா?

சுகந்தி: கரட், கோவா, லீக்ஸ், ஒரு சூப் கட்டி. அவிந்ததும் வடித்து எடுப்பேன்.

மாலதி மாமி: வடித்தால் மிஞ்சுவது உப்புத்தண்ணிதானே பிள்ளை!! அதைக் குடித்துவிட்டுப் பசிக்குது என்றால் வயிறு என்ன செய்யும் பாவம்.

கோபி: மாமி சொல்வது சரி. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்பவரின் குழு 1999இல் ஓர் ஆய்வு செய்தது. கோழியும் அரிசியும் மரக்கறியும் சேர்ந்த ஒரே சாப்பாட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நாள் அப்படியே கொடுத்தார்கள், ஒரு நாள் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு, இன்னொரு நாள் அதே தண்ணீரை உள்ளே விட்டுச் சூப்பாக. சூப் குடித்த நாளில்தான் மதியம் குறைவாகச் சாப்பிட்டார்கள், தண்ணீரைத் தனியாகக் குடித்ததால் ஒன்றும் குறையவில்லை. 2007இல் இன்னொன்று, சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்களுக்குச் சூப்பையும் சேர்த்தே அந்த வேளைக் கலோரி 20 வீதமளவு குறைந்தது. உள்ளே சாப்பாடு இருந்த சூப் அக்கா, வடித்த தண்ணி இல்லை.

மாலதி மாமி: ஆய்வை விடு, இதைச் செய்து பார் சுகந்தி. ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பு, நாலு பல் உள்ளி, மஞ்சள், ஒரு துண்டு பூசணி, எல்லாம் போட்டு நல்லாக் கரைய அவிய விடு. பருப்பும் பூசணியும் கரைந்தாலே தடிப்பு வரும், சோளமா வேண்டாம். அப்புறம் பாரைத் துண்டைப் போட்டு மூடு, கரண்டி போடாதே, மீன் உடைந்து முள்ளெல்லாம் சூப்பில் கிடக்கும், சட்டியைப் பிடித்து ஒருக்கால் சுழற்றினால் போதும். மீன் வெள்ளையானதும் ஒரு பிடி முருங்கையிலை, இடித்த மிளகு சீரகம், இறக்கித் தேசிக்காய்ப் புளி.

தவம் மாமா: கடைசியில் கொஞ்சம் தேங்காய் முதற்பால் விட்டால் இன்னும் திறம்

மாலதி மாமி: இஞ்சாருங்கோ, அவள் மெலியக் கேட்கிறாள்!

கோபி: கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி மாமா, புரதமும் மாச்சத்தும் 4தான். முதற்பாலில் ருசி முழுக்கக் கொழுப்புத்தான்.

தவம் மாமா: அப்ப ஒடியற்கூழ்? அதுவும் சூப்தானே, மீன், நண்டு, பயிற்றங்காய் எல்லாம் கிடக்கு, எண்ணெயும் இல்லை.

மாலதி மாமி: ஒடியல் மா, மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் யார் கணக்கில்? எங்கட குடும்பத்தில் கூழை ஒரு கிண்ணத்தோடு நிறுத்தின ஆள் ஒன்றைக் காட்டுங்கோ பார்ப்போம் 😂

சுகந்தி: 😂😂 சரி மாமி, சூப் கட்டியும் போடலாமா? அதில்லாமல் சப்பென்று இருக்குமே.

கோபி: உங்களுக்குப் பிரஷர் வேறு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அந்தக் கட்டியில் பெரும்பங்கு உப்புத்தான். புளியும் மிளகும் கூட்டுங்கள்.

மாலதி மாமி: மீன் தலை போட்டால் கட்டி எதற்கு. குடித்த பிறகும் பசித்தால் ஒரு முட்டை அவித்துச் சாப்பிடு, பட்டினி கிடக்காதே.

சுகந்தி: பாரை இப்ப விலை கேட்கவே பயம் மாமி

தவம் மாமா: விடிய நிலாவெளிப் பக்கம் போகிறேன், கரைவலை இழுத்தால் என்ன பட்டதோ வாங்கி வாறேன். யார் யாருக்கு வேண்டும் என்று இப்பவே போடுங்கோ.

கோபி: எங்களுக்கு அரைக் கிலோ

மாலதி மாமி: தலையை வெட்டி எறிய விடாதீர்கள், சொல்லிப்போட்டேன்.