கையெழுத்தை மேலே போட்டால் பொய்க்கணக்கு குறையுமா?

பில்கட்டு:
வணக்கம். ஒரு மருந்து விற்பனை நிறுவனத்தில் பயணப்படி பில் சரிபார்க்கிறவன் நான். ஆட்டோவுக்கு ரசீது கிடையாது. நாளுக்கு 500 ரூபாய் வரை எழுதியதைக் கொடுத்துவிடுவோம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில், 'மேலே உள்ள விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழியையும் கையெழுத்தையும் படிவத்தின் அடியிலிருந்து தலைக்கு மாற்றினால் பொய் குறையும், ஆராய்ச்சியில் நிரூபணமானது என்றார்கள். மாற்றினோம். ('மேலே உள்ள' என்பதைத் திருத்த மறந்து இரண்டாயிரம் படிவம் அச்சடித்தது தனிக்கதை.) என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சி நிஜமா?

பழைய மாணவி:
2012-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வந்தது. 2020-இல் அதே ஆய்வாளர்கள் மறுபடி செய்துபார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. 2021-இல் கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

காரணம்தான் சுவாரசியம். அதில் ஒரு பகுதி கார் காப்பீட்டுத் தரவு. வண்டி ஓடிய மைலை வாடிக்கையாளரே எழுதித் தந்தது. 'டேட்டா கொலாடா' வலைப்பதிவுக்காரர்கள் எண்களை அடுக்கிப் பார்த்தார்கள். கொஞ்சம் ஓட்டியவர், நடுத்தரமாக ஓட்டியவர், ஏகத்துக்கு ஓட்டியவர் எல்லோரும் ஏறக்குறைய சம எண்ணிக்கை. 50,000 மைலைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை! கையால் எழுதுகிறவர்கள் ஆயிரம், ஐநூறு என்று முழுசாக்கி எழுதுவார்களே, அதுவும் இல்லை. நேர்மை பற்றிய ஆய்வுக்கே இட்டுக்கட்டிய தரவு.

ரைன்கரை:
கையெழுத்தை விடுங்கள். உங்கள் பில்லுக்குப் பொருத்தமானது ஜூரிக் பகடைச் சோதனை. ஃபிஷ்பாக்கரும் ஃபோல்மி-ஹொய்சியும் செய்தது, 2013-இல் வெளியானது. பகடையை நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். 1 என்றால் ஒரு பிராங்க், 5 என்றால் ஐந்து. 6 என்றால் ஒன்றும் கிடையாது.

யார் பொய் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு எண்ணும் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு விழ வேண்டும். 5 என்றவர்கள் சுமார் 35 பேர். 6 என்று சொல்லி வெறுங்கையோடு போனவர்கள் ஆறு பேர் (அவர்களைக் கும்பிடலாம்). எனக்குப் பிடித்தது 4. அதைச் சொன்னவர்கள் 27 பேர்! பொய் சொல்வதென்று ஆனபின் ஏன் ஒரு பிராங்கை விடுகிறார்கள்? 5 என்றால் சந்தேகப்படுவார்களே என்றுதான். காசும் வேண்டும், யோக்கியன் என்ற பெயரும் வேண்டும்.

பில்கட்டு:
படித்ததும் போன மாதக் கட்டை அவிழ்த்து எண்ணினேன். 612 பில். சரியாக 500 என்று எழுதியது 31 மட்டும். 470-லிருந்து 495 வரை 288! நூறு ரூபாய்க்குக் கீழே மொத்தமே நான்கு. அதில் மூன்று ஒரே ஆளுடையது, புதிதாகச் சேர்ந்த பையன். மேலாளரிடம் காட்டினால் யாரைப் பிடிப்பது என்று கேட்பார்.

ரைன்கரை:
யாரையும் பிடிக்க முடியாது. நிஜமாகவே 480 ஆனவரும் அந்தக் குவியலில் இருப்பார். கட்டாக என்ன நடக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுத்துவிட்டால் எழுதவே வேண்டாமே?

பில்கட்டு:
சொல்லிப் பார்க்கிறேன். இருக்கிற படிவம் தீரட்டும். அடுத்த அச்சில் கையெழுத்து அடிக்கே போகும். 'மேலே உள்ள' என்பதைத் திருத்தும் வேலை மிச்சம்.