சீனாவில் திறந்தால் வீட்டின் வீடியோ தெரியவில்லை: மாற்று வழி உண்டா?

ஜொகூர் பாருவில், சிங்கப்பூருடன் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலின் நிலையம் அமையும் புக்கிட் சாகருக்கு அருகே உள்ள எங்கள் இரண்டு அறை அடுக்ககத்தை விற்க, வெளிநாட்டில் வீடு தேடும் சீனர்களுக்கான இணையதளம் ஒன்றில் கட்டணம் செலுத்தி மார்ச் மாதம் விளம்பரம் செய்தேன். நான்கு மாதங்களில் பதினோரு பேர் விசாரித்தனர். ஒருவர்கூட அடுத்த கட்டத்துக்கு வரவில்லை. குவாங்சோவில் இருக்கும் ஒருவர் அனுப்பிய திரைப்பிடிப்பைப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது: நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தெரியும் பால்கனிக் காட்சி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டுமே இருந்தது. அந்தத் தளம் வீடியோவை யூடியூபிலிருந்தும் வரைபடத்தைக் கூகுளிலிருந்தும் எடுக்கிறது. இரண்டுமே சீனாவில் முடக்கப்பட்டவை. (சீனர்களுக்கென்றே நடத்தும் தளத்துக்கு இது தெரியாதா என்பது வேறு கதை.)

வீடியோவின் அளவைக் குறைத்து மீண்டும் ஏற்றினேன். தளத்துக்கு மூன்று முறை எழுதியும் தானியங்கிப் பதில்தான் வந்தது. சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிறேன், ஆனால் விசாரிக்காமலே போகிறவர்களுக்கு அது உதவாது. சீனாவுக்குள் சர்வர் வைக்க ஐசிபி பதிவு (இணையதளம் நடத்த சீன அரசிடம் செய்யும் பதிவு) வேண்டும். அங்கே எனக்கு நிறுவனம் எதுவும் இல்லை.

சீனாவில் நிறுவனப் பதிவு இல்லாத தனிநபர், அங்குள்ளவர்கள் விபிஎன் இன்றிப் பார்க்கும்படி இந்த வீடியோவை எங்கே ஏற்றலாம்?