முடிவு தெரிஞ்ச கதையும் ஒரே இரவில பின்னின சால்வையும்

உப்புவெளி ஒழுங்கைக் குறூப்
சனிக்கிழமை, பின்னேரம் 4:12

நிலா: [படம்: குறோசே (கொக்கி ஊசிப் பின்னல்) புத்தகத்தில் ஒரு பக்கம்]

நிலா: சாந்தி ரீச்சர், இந்தப் புத்தகப் பீடிஎஃப்ல டபிள் குறோசே எண்ட ஸ்டிச் 80 போடச் சொல்லியிருக்கு. யூரியூப்பில அதே டபிள் குறோசேக்கு ஊசியில ஒருக்கா நூல் சுத்திப்போட்டுக் குத்தினம். புத்தகத்துப் படத்தில நூல் சுத்தவே இல்லை. எது சரி?

சாந்தி ரீச்சர்: ரெண்டும் சரி பிள்ளை. புத்தகம் இங்கிலாந்துக் கணக்கு, வீடியோ அமெரிக்கக் கணக்கு. இங்கிலாந்து டபிள்தான் அமெரிக்க சிங்கிள். இங்கிலாந்து ட்ரெபிள்தான் அமெரிக்க டபிள். ஒரு படி தள்ளி நிக்குது, அவ்வளவுதான்.

சாந்தி ரீச்சர்: எந்தக் கணக்கெண்டு பிடிக்கிறது லேசு. புத்தகம் முழுக்கத் தேடிப் பாரும். எங்கயாவது "சிங்கிள் குறோசே" எண்டு வந்தா அது அமெரிக்கப் புத்தகம். இப்பத்தைய இங்கிலாந்துக் கணக்கில சிங்கிள் எண்டு ஒண்டு இல்லை.

நிலா: அப்ப இவ்வளவு பெரிய புத்தகத்தில அதை முதல் பக்கத்திலயே போட்டிருக்கலாமே 😤

சாந்தி ரீச்சர்: போடாத புத்தகத்தை அங்கயே மூடி வைக்கலாம். ஊசி அளவு என்னெண்டு சொல்லியிருக்கு?

நிலா: 8ஆம் இலக்கம்

சாந்தி ரீச்சர்: அப்ப பழைய இங்கிலாந்துப் புத்தகந்தான். அதில இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லிசு. 8 எண்டா 4 மில்லிமீற்றர், 14 எண்டா 2 மில்லிமீற்றர். கடையில போய் 8 எண்டு கேட்டா 8 மில்லிமீற்றர்த் தடியைத் தந்துவிடுவினம், சால்வை மீன்வலை மாதிரி வரும். எப்பவும் மில்லிமீற்றரைச் சொல்லி வாங்கும்.

தவம் மாமா: உங்கட கரைவலைக்கு உப்புவெளியில நல்ல கிராக்கி 😂

தவம் மாமா: பின்னல் வேலைக்கு ஏன் இவ்வளவு கணக்கு? படத்தைப் பாத்துப் பின்னினாப் போதாதோ?

சாந்தி ரீச்சர்: போதாது தவம். புத்தகக்காரியின்ர கை இறுக்கம் வேற, நிலாவின்ர கை இறுக்கம் வேற. புத்தகத்தில 10 சென்ரிமீற்றருக்கு 16 ஸ்டிச் எண்டு இருக்கு, 80 போட்டா 50 சென்ரிமீற்றர் வரும். நிலாவுக்குக் கை இறுக்கமெண்டு வையுங்கோ, 10 சென்ரிமீற்றருக்கு 18 விழும். அதே 80 ஸ்டிச் 44 சென்ரிமீற்றரில முடிஞ்சிடும். மேசை விரிப்பெண்டாப் பரவாயில்லை, சட்டையெண்டாக் கழுத்துக்குள்ள தலை போகாது.

சாந்தி ரீச்சர்: அதுக்குத்தான் முதல்ல மாதிரித் துண்டு பின்னச் சொல்லுறது. 10க்கு 10 பின்னி அளந்தாப் பிழைக்கும், ஏனெண்டா கரை ஸ்டிச் எப்பவும் இழுபட்டிருக்கும். 15க்கு 15 பின்னி, கழுவி, நிழல்ல காயவிட்டு, நடுவில 10 சென்ரிமீற்றரை அடிமட்டம் வைச்சு எண்ணோணும். பருத்தி நூல் கழுவினாப்பிறகு சுருங்கும், அதால கழுவாமல் எண்ணின கணக்குச் சரிவராது. ஸ்டிச் கூட விழுந்தா ஊசியை 4.5க்கு மாத்தும், குறைய விழுந்தா 3.5க்கு. கையை இறுக்கித் தளத்திச் சரிக்கட்டப் பாக்காதையும், பத்து வரிசையில கை தன்ர பழக்கத்துக்குத் திரும்பிடும்.

நிலா: அச்சோ இது ஒண்டுமே இந்தப் புத்தகத்தில இல்லை. "உங்கள் இறுக்கத்தைச் சரிபார்க்கவும்" எண்டு ஒரே வரி

சாந்தி ரீச்சர்: அதுதான் என்ர குறை. முக்கால்வாசி வழிகாட்டிகள் சரியா வந்ததை மட்டும் படம்பிடிச்சுப் போடுதுகள். பிழைச்சது எப்பிடி இருக்குமெண்டு காட்டாத புத்தகம் பழகிறவைக்கு உதவாது. வட்டம் பின்னேக்க முதல் சுத்தில 6, பிறகு 12, 18, 24 எண்டு ஒவ்வொரு சுத்துக்கும் 6 கூட்டோணும். இது இங்கிலாந்து டபிளுக்கு. ட்ரெபிள் எண்டா 12, 24, 36. எல்லாப் புத்தகமும் இதைச் சொல்லும். ஆனா ஓரம் அலையலையா நெளிஞ்சாக் கூட்டினது கூடிப் போச்சு, கிண்ணம் மாதிரிக் குழிஞ்சாக் கூட்டினது காணாது எண்டு பக்கத்தில ரெண்டு படம் போட்டிருந்தா எத்தினை பேர் பாதியில கைவிடாமல் இருப்பினம்.

சாந்தி ரீச்சர்: ட்ரெபிள்ல அடுத்த பிழை, துண்டு போகப் போக ஒடுங்கிறது. அடுத்த வரிசைக்குத் திரும்பேக்க போடுற 3 சங்கிலி ஸ்டிச்சும் சேந்து ஒரு ட்ரெபிள் கணக்கு. வரிசை முடிவில அந்தச் சங்கிலியின்ர தலையில ஒரு ஸ்டிச் போடோணும். அது கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடுவினம். வரிசைக்கு ஒண்டு விட்டா 20 வரிசையில 80 எண்டது 60 ஆகிடும், ரெண்டு கரையும் சரிஞ்சுகொண்டு வரும். பழகிற வரைக்கும் அந்தச் சங்கிலித் தலையில வேற நிற நூல்த்துண்டொண்டு கொழுவி விடும்.

ஜெசிமா: ரீச்சர், இந்தக் கணக்கை வெச்சு எனக்கொரு பஞ்சாயத்துத் தீர்த்துத் தாங்க. ஒரு காதல் நாவல்ல கதாநாயகி மனசு உடைஞ்சு ஒரே ராவில முழுச் சால்வை பின்னி முடிக்கிறா. நடக்குமா?

சாந்தி ரீச்சர்: எவ்வளவு பெரிய சால்வை?

ஜெசிமா: தோளை மூடி முழங்கால் வரைக்கும் தொங்குதாம்

சாந்தி ரீச்சர்: அப்ப நீளம் 180, அகலம் 50 எண்டு வைப்பம். 4 மில்லிமீற்றர் ஊசி, ட்ரெபிள், 10 சென்ரிமீற்றருக்கு 16 ஸ்டிச் 8 வரிசை. ஒரு வரிசைக்கு 80, வரிசை 144. பெருக்கினா 11,520 ஸ்டிச். அழாமல், தேத்தண்ணி குடிக்காமல் நிமிசத்துக்கு 15 போட்டாலும் 12 மணித்தியாலம் 48 நிமிசம். நூல் முனையை ஊசியால உள்ள இழுத்து மறைக்கிறது வேற.

ஜெசிமா: பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினா அடுத்த நாள் காலமை ஏழு மணியாகும். கதையில சுபஹுத் தொழுகைக்கு முந்தி அவ சால்வையோட பஸ் ஏறிட்டா 🤣

நிலா: அட்டையில ரெண்டு ஊசி வேற போட்டிருக்கு ராத்தா. குறோசேக்கு ஒரு ஊசிதானே. ரெண்டு ஊசி நிற்றிங்

தவம் மாமா: இதுக்குத்தான் நான் உந்தக் காதல் கதைப் பக்கமே போறேல்லை. முதல் பக்கத்திலயே ஆர் ஆரைக் கட்டுவினம் எண்டு தெரியுது. பிறகேன் 200 பக்கம்?

ஜெசிமா: தவம் அண்ணன், முடிவு தெரியிறதுதான் அந்த வகையின்ட ஒப்பந்தம். அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் வரையறை வெச்சதே ரெண்டு விசயந்தான்: கதையின்ட நடுவில காதல் இரிக்கணும், முடிவு மனசுக்கு நிறைவாவும் நம்பிக்கையாவும் இரிக்கணும். ரெண்டில ஒண்டு இல்லாட்டி அது காதலைப் பத்தின வேற நாவல். துப்பறியும் கதையில கொலைகாரன் பிடிபடுவான் எண்டும் தெரியுந்தானே. அதை மட்டும் எப்படி விடிய விடிய வாசிக்கிறீங்க?

தவம் மாமா: 🙄

ஜெசிமா: நான் பாக்கிறது ஒண்டே ஒண்டுதான். ரெண்டு பேரும் சேராம இருக்கிறதுக்குக் காரணம் என்ன? ஒரு கோல் எடுத்துக் கேட்டாத் தீர்ற சந்தேகத்தை 150 பக்கம் இழுத்தா அந்த எழுத்தாளருக்குத் தொழில் தெரியாது. கோல் எடுத்துப் பேசின பிறகும் தீராத காரணம் இரிக்கணும். அவளுக்குக் கிடைச்ச வேலை கொழும்பில, அவன் உம்மாவை விட்டுட்டு மூதூரை விட்டு வர ஏலாது. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இரிக்கு, ஆள் கெட்டவனில்ல. அப்படியான கதையில முடிவு தெரிஞ்சாலும் எப்படிச் சேரப் போறாங்க எண்டு புத்தகத்தை மூட ஏலாது.

ஜெசிமா: அடுத்தது, கடைசிக்கு முந்தின பிரிவு. முக்கால் கதையில வரும். அந்தப் பிரிவுக்கு விதை முதல் மூண்டு அத்தியாயத்துக்குள்ள விழுந்திருக்கணும். திடீரெண்டு பழைய காதலி விமானத்தில வந்து இறங்கினா, எழுதினவருக்குப் பக்கம் காணல்ல எண்டு அர்த்தம்.

நிலா: ராத்தா, இந்த வெளிநாட்டுக் குட்டிக் குட்டி நாவல் எல்லாம் ஏன் ஒரே தடிப்பு?

ஜெசிமா: மாசாமாசம் வரிசையா வாறது, ஒவ்வொரு வரிசைக்கும் நீளம் கட்டிவெச்சிரிக்கு. சிலதுக்கு 50,000 சொல். மில்ஸ் அன்ட் பூன் பதிப்பகம் 1908ல லண்டனில தொடங்கேக்க எல்லா வகைப் புத்தகமும் போட்டது. 1930களிலதான் காதல் பக்கம் திரும்பினது. 1971ல அதைக் கனடாவின்ட ஹார்லெக்வின் பதிப்பகம் வாங்கினது. பழைய புத்தகங்கள்ல கதை முழுக்க அவள்ட கண்ணாலதான், அவன் என்ன நினைக்கிறான் எண்டு கடைசிவரைக்கும் தெரியாது. பிறகுதான் ரெண்டு பேர்ட மனசையும் மாத்தி மாத்திச் சொல்லத் தொடங்கினாங்க. எனக்கென்னவோ பழைய முறைதான் பிடிக்கும். அவன் ஏன் முறைக்கிறான் எண்டு தெரியாம வாசிக்கிறதில ஒரு இழுவை இரிக்கு.

தவம் மாமா: உங்கட பழைய முறையை விட அகத்திணை பழசு. அதில தலைவன் தலைவிக்குப் பேரே சொல்லக்கூடாது எண்டு விதி. பேரில்லாமலே நெய்தல் பாட்டில அவள் கடலைப் பாத்து இரங்கிறது ரெண்டாயிரம் வருசம் கழிச்சும் விளங்குது. இவையளுக்கு அவன்ர கண் என்ன நிறமெண்டு சொல்ல ரெண்டு பக்கம் வேணும்.

ஜெசிமா: வாசிக்கிறேல்ல எண்ட ஆள் கண் நிறம் வரைக்கும் போயிட்டார் 😄

ரவி அண்ணை: அகத்திணையில அலவன் எண்ட நண்டு, புன்னை மரம், ஞாழல் மரம் எல்லாம் இடத்தில இடத்தில நிக்கும். இந்த நாவல்காரர் ஊருக்கு வராமலே எழுதுகினம். திருகோணமலைக் கதையொண்டில ரெண்டு பேரும் நிலாவெளிக் கடற்கரையில இருந்து கடலுக்குள்ள சூரியன் மறையிறதைப் பாக்கினம். அது கிழக்குக் கடல். சூரியன் உதிக்கிறதைத்தான் பாக்கலாம். அந்தி பாக்கிறதெண்டா உட்துறைமுக வீதிக்குக் கூட்டிக்கொண்டு வரோணும்.

ஜெசிமா: அதே கதையில மார்கழி மாசம் புறாத் தீவுக்குப் போட்ல போறாங்க ரவி அண்ணன் 😂

ரவி அண்ணை: வாடைக் கடலில போட்டில போனா முத்தம் குடுக்க நேரமில்லை, சத்தி எடுக்கத்தான் நேரம்.

சாந்தி ரீச்சர்: ரவி 🙈 பிள்ளையள் இருக்கிற குறூப்

பின்னேரம் 5:40

நிலா: ரவி அண்ணை, ஜெசிமா ராத்தா தந்த புத்தகத்தில நடுப்பக்கம் அஞ்சாறு கழண்டு வந்திட்டுது. செலோரேப் ஒட்டவா?

ரவி அண்ணை: ஒட்டாதை!! கொஞ்ச வருசத்தில ரேப் காய்ஞ்சு விழும், பசை மஞ்சளாப் பேப்பருக்குள்ள இறங்கியிருக்கும். எழுத்தோட சேத்துத்தான் உரிக்கலாம். சூப்பர் குளூவும் வேண்டாம், விறைச்சுப்போய் பக்கத்தைத் திருப்பேக்க ஓரத்தோட முறியும்.

ரவி அண்ணை: முதுகைக் கிட்டப் பிடிச்சு ஒரு படம் போடு.

நிலா: [படம்: புத்தக முதுகு, கழன்ற தாள்கள்]

ரவி அண்ணை: இது தைக்காத பைண்டிங். தாளை அடுக்கி முதுகை வெட்டி, சூட்டுப் பசை தடவினது. அந்தப் பசை பழசாகினா வெடிக்கும். கச்சான் எண்ட வறட்டுக் காத்துக் காலத்தில இன்னும் கெதியா. முழுசா விரிச்சு மேசையில கவிட்டு வைக்கிறதும் ஒரு காரணம்.

ஜெசிமா: நிலா, கவிட்டு வெச்சனியா?

நிலா: 🙊

ரவி அண்ணை: ஒண்டு ரெண்டு தாள் எண்டா இப்பிடிச் செய். தாளின்ர உள் ஓரத்தில 3 மில்லிமீற்றர் மட்டும் வெளிய தெரிய, மிச்சத்தைக் கழிவுப் பேப்பரால மூடு. வெள்ளைப் பைண்டர் கம்மைச் சின்னப் பிரஷ்ஷால மெல்லிசாத் தடவு. கம் அமத்தேக்க பிதுங்கி வந்தாக் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். தண்ணி விட்டுக் கரைக்காதை, நியூஸ் பிரிண்ட் தாள் தண்ணி பட்ட இடத்தில நெளியும், பிறகு நேராக்க ஏலாது. தாளை முதுகு வரைக்கும் தள்ளி, மேல் கீழ் மட்டம் பாத்து, ரெண்டு பக்கமும் எண்ணெய்த்தாள் வைச்சு மூடிப் பாரம் ஏத்து. ஒரு இரவு விடு.

ரவி அண்ணை: ஆனா உன்ர படத்தில அஞ்சாறு இல்லை, முதுகுப் பசை முழுக்கப் போயிட்டுது. ஒட்ட ஒட்டப் பக்கத்துத் தாள் கழரும். அட்டையை மெதுவாக் கழட்டி, எல்லாத் தாளையும் பிரிச்சு, பழைய பசையைச் சுரண்டி எடுத்திட்டு, முதுகை மேசையில தட்டி மட்டப்படுத்து. முதுகு மேல பாக்க ரெண்டு மட்டைக்கு நடுவில இறுக்கு, ஆனா முதுகுப் பக்கம் ஒரு கையகலம் வெளிய நிக்கோணும், அப்பத்தான் சரிக்கலாம். தாள்களை வலப்பக்கம் சரிச்சா ஒவ்வொரு தாளின்ர ஓரமும் ஒரு மில்லிமீற்றர் படியாத் தெரியும். அதில கம் தடவு. உடன இடப்பக்கம் சரிச்சு மற்றப் பக்கமும் தடவு. நிமித்தினா ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாளோட ஒட்டியிருக்கும். வெறும் முதுகில தடவினா ஓரம் மட்டுந்தான் பிடிக்கும், திரும்பக் கழரும்.

ரவி அண்ணை: கம் ஈரமா இருக்கேக்கயே பழைய வொயில் சாறித்துண்டு முதுகின்ர நீளத்துக்கு வெட்டி, ரெண்டு பக்கமும் 2 சென்ரிமீற்றர் மிச்சம் விட்டு ஒட்டு. அந்த மிச்சந்தான் அட்டையைப் பிடிக்கிறது. காயத்துக்குக் கட்டுற கோஸ் துணி ஐதானது, பிடிக்காது.

சாந்தி ரீச்சர்: ரவி, மாத நாவல் நடுவில கம்பி அடிச்சது துருப்பிடிச்சுத் தாளைத் தின்னுது. அதுக்கு?

ரவி அண்ணை: உப்புக் காத்துக்குக் கம்பி நிக்காது ரீச்சர். மழுங்கின கத்தியால உள்ள மடங்கின காலை நிமித்தி, பிறகு வெளியால இழுங்கோ. மடிப்பில நடுவில ஒண்டு, மேல ஒண்டு, கீழ ஒண்டு ஓட்டை. மெழுகு பூசின பருத்தி நூல், புத்தக உயரத்துக்கு மூண்டு மடங்கு. உள்ளயிருந்து நடு ஓட்டையால வெளிய, மேல் ஓட்டையால உள்ள, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையால வெளிய, திரும்ப நடுவால உள்ள. ரெண்டு முனையும் அந்த நீள நூலுக்கு ரெண்டு பக்கமும் நிக்கோணும், அதை நடுவில பிடிச்சு முடிச்சுப் போடுங்கோ. ஒரே பக்கம் நிண்டா முடிச்சு இழுபட்டு ஓட்டைக்குள்ள போயிடும்.

தவம் மாமா: மாப்பசை ஒட்டினா என்ன? செலவில்லை

ரவி அண்ணை: ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைக்கிறதெண்டாச் செய்யுங்கோ. மாப்பசை நல்ல பசைதான், ஆனா ஐப்பசி கார்த்திகை ஈரத்தில பூஞ்சணமும் பிடிக்கும்.

ஜெசிமா: நனைஞ்ச புத்தகத்தை வெயில்ல போடலாமா?

ரவி அண்ணை: வேண்டாம், மஞ்சளாகி மொறுமொறுக்கும். நிழல்ல நிமித்தி வைச்சு விரிச்சு விட்டு ஃபானைப் போடுங்கோ. காயாமல் பொலித்தீனுக்குள்ள வைச்சுக் கட்டினா அதுக்குள்ளயே பூஞ்சணம்.

நிலா: கம்மைக் கெதியாக் காயவைக்க ஹெயார் ட்றையர் பிடிக்கலாமா? நாளைக்குப் புத்தகம் குடுக்கோணும்

ரவி அண்ணை: மேல் தோல் காயும், உள்ளுக்கு ஈரம் நிக்கும். திறந்த உடன திரும்ப வெடிக்கும். பாரத்துக்குக் கீழ ஒரு முழு நாள்.

ஜெசிமா: திங்கள் தந்தாக் காணும் நிலா. சால்வைக்காரி கடைசியில பஸ்ஸை விட்டு இறங்கினாளா எண்டு மட்டும் இப்ப சொல்லு, அந்தப் பக்கம் உன்னட்டத்தானே கழண்டு கிடக்குது