முரல்சிட்டு தேடி வரும் கொடிகள்: ‘செங்குழற்கொடி’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். நாற்றுப் பரிமாற்றத்தில் வைக்கும் பெயர்ப்பலகைகளுக்காக, முரல்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) தேடி வரும் சிவந்த குழல்பூக் கொடிகளுக்கு ஒரு பொதுத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். வந்த யோசனைகளில் ஒன்று:

> ‘தேன்சிட்டுக் கொடி’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். தேன்சிட்டு நம் ஊர் வாழைப்பூவுக்கும் செம்பருத்திக்கும் வருகிற பறவை. பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். முரல்சிட்டு (ஓசனிச்சிட்டு, ரீங்காரச் சிட்டு என்றும் எழுதுகிறோம்; வண்டு முரலும் ஓசை காதில் விழுவதால் எனக்கு இச்சொல்தான் பிடித்திருக்கிறது) அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்குமே கிடையாது. அது அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். நாம் தேடும் சொல் இந்த வேறுபாட்டுக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வட கரோலினாவில் என் வீட்டு வேலியில் லோனிசெரா செம்பர்வைரன்ஸ் (ஆங்கிலத்தில் ட்ரம்பெட் ஹனிசக்கிள்) என்ற கொடி படர்ந்திருக்கிறது. ஏப்ரலில் செந்தொண்டை முரல்சிட்டுகள் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து சேரும் நேரத்தில் அது கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும். பறவையின் எடை 3 கிராம் அளவுதான். போன வாரம் ஒரு பூவை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள், ஏறக்குறைய 2 அங்குலக் குழல், அடியில் ஒரு சொட்டுத் தேன். முகர்ந்தால் மணமே இல்லை. பூச்சி வந்து உட்கார அகன்ற இதழும் இல்லை. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. பறவையோ மணத்தைத் தேடி வருவதில்லை. சிவப்பும் குழலும் சேர்ந்தே அழைப்பாகிவிடுகின்றன.

அதனால்தான் ‘செங்குழற்கொடி’ என்கிறேன். குழல் என்றால் துளையுள்ள பொருளும் ஆகும், ஊதும் கருவியும் ஆகும். ட்ரம்பெட் என்று தொடங்கும் ஆங்கிலப் பெயர்களுக்கு ‘எக்காளம்’ தேடி அலையவும் வேண்டாம்.

‘ஹனிசக்கிளுக்குத் தேன்கொடி போதும்’ என்று எழுதிய அக்காவுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிய லோனிசெராவும் ஹனிசக்கிள்தான். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும், அந்தியில் மணக்கும், அந்துப்பூச்சிகளை இழுக்கும். இங்கே கிழக்கு மாநிலங்களில் அது காட்டோரங்களையே மூடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால், பெயரை நம்பி ஒருவர் ஜப்பானியக் கொடியை வாங்கி நட்டுவிடுவார். சொல் அதைத் தடுக்க வேண்டும்.

மஞ்சளாகப் பூக்கும் செம்பர்வைரன்ஸ் வகைக்கும் சிட்டு வருகிறதே என்று கேட்டிருந்தார்கள். வரும். செங்காந்தள்கூட பச்சையும் மஞ்சளுமாய் விரிந்து பிறகுதான் சிவக்கிறது. பெயரில் ‘செம்’ நிலைத்துவிட்டதல்லவா?

இது வகைப்பெயர் மட்டுமே. மயில்மாணிக்கம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் வேலிகளில் ஏறிய கொடி. அதன் செந்நிறக் குழல்பூவுக்கும் இங்கே முரல்சிட்டு வருகிறது. அதை இந்த வகையில் சேர்ப்போம், அழகான அதன் பெயரை மாற்ற வேண்டாம்.

ஏறும் விதத்தைப் பெயர்ப்பலகையின் இரண்டாம் வரியில் கட்டாயம் எழுத வேண்டும். செம்பர்வைரன்ஸும் மயில்மாணிக்கமும் சுற்றி ஏறும்; கம்பியோ கயிறோ போதும். இதே வகையில் வரும் பிக்னோனியா காப்ரியோலாட்டா (கிராஸ்வைன்) பற்றுக்கம்பியால் பிடித்து ஏறும். கேம்ப்சிஸ் ராடிகன்ஸ் (ட்ரம்பெட் வைன்) தண்டிலிருந்தே வேர் விட்டுச் சுவரைக் கவ்வும். பழைய வீட்டில் அதைச் சுவரோரம் நட்டுவிட்டு, புல்தரையெங்கும் முளைத்த வேர்க்கன்றுகளை நான்கு வருடம் பிடுங்கினேன். பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டிலிருந்து தள்ளியே நடுங்கள்.

புணர்ச்சி தெரிந்தவர்கள் ஒன்று சொல்ல வேண்டும்: பலகையில் ‘செங்குழற்கொடி’ என்றே எழுதலாமா, பிள்ளைகள் எளிதாகப் படிக்க ‘செங்குழல் கொடி’ என்று பிரித்துவிடலாமா? நாற்றுப் பரிமாற்றத்துக்கு முன் எழுதி முடிக்க வேண்டும்.