ஹப் ரிங்: மலையில தெரியாத ஆட்டம் ஹைவேயில தெரியுது. அளவு எடுத்துப் பழக்கமுள்ளவங்க சொல்லுங்க

நுவரெலியா, அக்வா
15 அங்குல பழைய ஜப்பான் அலாய் ரிம். நானுஓயா, ஹட்டன் பக்கம் ஓடும்போது ஒரு குறையும் இல்ல. மீரிகம – குருணாகல் ஹைவேயில 85 தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது. பேலன்ஸ் ரெண்டு தடவ பார்த்தாச்சு. ஹப் ரிங் போடச் சொல்றாங்க, அதாவது ரிம்மோட நடு ஓட்டைக்கும் காரோட ஹப்புக்கும் (சில்லு மாட்டுற நடு உருளை) இடையில வர்ற இடைவெளிய அடைக்கிற வளையம். டொயோட்டா அக்வாவுக்கு என்ன அளவு கேட்கணும்?

ஹட்டன், டயர் வேலை
கார் பேரச் சொல்லிக் கேட்டா பாதி அளவுதான் கிடைக்கும் தம்பி. ரிங்குக்கு ரெண்டு விட்டம். உள் விட்டம் காரோட ஹப்புக்கு. அத கார் பேர வச்சே சொல்லலாம்: அக்வா, விட்ஸ், 160 பொடி அக்சியோ, ஜப்பான் வேகன் ஆர் எல்லாம் 54.1 மி.மீ. ஃபிட், கிரேஸ் 56.1. சி.எச்.ஆர். 60.1. வெசல் 64.1. வெளி விட்டம் ரிம்மோட நடு ஓட்டைக்கு. அதுக்கும் காருக்கும் சம்பந்தமே இல்ல, ரிம் செஞ்சவன் வச்சதுதான். 73.1 நிறைய வரும். 67.1, 72.6, 66.6 அளவுலயும் இருக்கு. 67.1க்கும் 66.6க்கும் அரை மில்லிதான் வித்தியாசம். கண்ணால பார்த்து எடுத்தா மாட்டிக்குவீங்க.

நடு கொஞ்சம் விலகினா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. டயரோட சேர்த்து 15 கிலோ வீல் அரை மி.மீ. நடு விலகி உட்கார்ந்தா, 15 அங்குல ரிம் ஓரத்துல கிட்டத்தட்ட 40 கிராம் பேலன்ஸ் ஈயம் தப்பா ஒட்டின மாதிரி. மலைப் பாதையில 40, 50க்கு மேல எங்க ஓடுறோம்? அதனால நம்ம பக்கம் வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாது. அந்த ஹைவே துண்டு 2022 ஜனவரியில திறந்த பிறகு, மலையிலிருந்து இறங்கி நேரா 100ல ஓட ஒரு இடம் கிடைச்சிருக்கு. அங்கதான் குட்டு வெளிப்படுது.

பேலன்ஸ் மெஷின் ஏன் காட்டலன்னா, மெஷின் ரிம்ம நடு ஓட்டையில கோன் வச்சுப் பிடிக்குது. ரிங் இல்லாத கார் நட்டுலதான் பிடிக்குது. மையம் ரெண்டு இடத்துல ரெண்டு. மெஷின்ல சைபர், ரோட்டுல நடுக்கம்.

வாங்குறதுக்கு முன்ன ஒரு சோதனை. நடுங்குற வீல கழற்றி, ஒரு ஸ்டட் (நட்டு ஏறுற போல்ட்) தள்ளித் திருப்பி மாட்டி, அதே ரோட்டுல அதே வேகத்துல ஓடிப் பாருங்க. நடுக்கம் கூடியோ குறைஞ்சோ வந்தா மையப் பிரச்சினை. மாறவே இல்லன்னா ரிம் வளைவு, டயர் பக்கம் பாருங்க. பிரேக் பிடிக்கும்போது மட்டும்னா டிஸ்க், ரிங்குக்கு வேலை இல்ல.

வெலிமட
அதுக்கும் முன்ன ரிம்மோட உள்பக்கம் பாருங்க. தோட்டத்து ரோட்டுச் செம்மண் மழையில ஏறி, காய்ஞ்சு, ரிம் உள்வளையத்துல ஒரு பக்கமா அப்பிக்கிட்டு இருக்கும். நடுக்கம் இதே மாதிரிதான் வரும். தண்ணி அடிச்சாலே பாதிப் பேருக்குச் சரியாயிடும். ரிங் விக்கிறவங்க இதச் சொல்ல மாட்டாங்க.

கம்பளை, லேத் பட்டறை
அளக்குறது பத்தி. டேப், ஸ்கேல் வேணாம், டிஜிட்டல் வேர்னியர் (தாடையால பிடிச்சு அளக்குற கருவி) வேணும். ஹப்புல நீட்டிக்கிட்டு இருக்கிற வட்ட உதட்ட கம்பி பிரஷ் போட்டுத் துரு போகத் தேய்ச்சுட்டு, குறுக்கும் நெடுக்குமா ரெண்டு இடத்துல அளக்கணும். துருவோட அளந்தா கால் மில்லி கூடக் காட்டும். 54.1 ஹப்புன்னா வேர்னியர்ல 53.9க்கும் 54.0க்கும் இடையில வரும். அது சரிதான், ரிங் நுழைய இடம் வேணுமே. உதட்டோட உயரத்தையும் வேர்னியர் வால வச்சு எடுங்க. முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்ணா இருக்காது.

ரிம்ம பின்பக்கமிருந்து அளக்கணும். முன்பக்க ஓட்டை மூடிக்கானது, அளவு வேற. பின்பக்கம் வாயில ஒரு சரிவு வெட்டு இருக்கும். வேர்னியர் தாடை அந்தச் சரிவுல நின்னா 74, 75னு காட்டும். அதத் தாண்டி உள்ள நேர்ச் சுவருல பிடிங்க. பெயின்ட் அடிச்ச பழைய ரிம்முன்னா உள்ளயும் பெயின்ட் பூசியிருக்கும். சுரண்டிட்டு அளங்க.

அளவு கிடைக்கலன்னா அலுமினியத்துல கடைஞ்சுக்கலாம். ஹப் 53.95, ரிம் 73.10னு வந்தா, ரிங் உள்ள 54.05, வெளிய 73.05. லேத்துல கடையுறவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: உள், வெளி ரெண்டையும் ஒரே பிடியில கடையணும். உள்ள கடைஞ்சுட்டு, கழற்றித் திருப்பிப் பிடிச்சு வெளிய கடைஞ்சா ரெண்டு வட்டத்துக்கும் மையம் விலகும். அப்புறம் ரிங் போட்டும் போடாத கதைதான்.

நுவரெலியா, அக்வா
அளந்தேன், ரிம் 73.1. அப்போ 73.1க்கு 54.1. பிளாஸ்டிக்கா அலுமினியமா அண்ணே?

ஹட்டன், டயர் வேலை
உங்களுக்கு சுவர் 9.5 மி.மீ. வருது (73.1ல 54.1 போனா 19, அதுல பாதி). அவ்வளவு தடிப்புக்கு நல்ல பாலிகார்பனேட் போதும். ஆனா நீங்க ரம்பொடை இறக்கம் தினம் இறங்குற ஆள். 'D'லயே போட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்கினா முன் ஹப் கொதிக்கும். மலிவான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 பாகை செல்சியஸ் பக்கம் போனாலே இளகும். கழற்றும்போது ரிங் முட்டை வடிவத்துல வரும். முன்னுக்கு அலுமினியம், பின்னுக்கு எது வேணா போடுங்க.

அலுமினியத்துக்கும் ஒரு குணம் இருக்கு. மழையும் பனியும் பட்டா இரும்பு ஹப்போட கடிச்சுக்கும், வெள்ளைப் பொடியா பூக்கும், ஒரு வருஷத்துல வீல் வராது. மாட்டும்போது உள்சுவர்ல காப்பர் கிரீஸ் விரல் நுனியால ஒரு மெல்லிய பூச்சு. ஸ்டட்லயும் நட்டு உட்காருற இடத்துலயும் படக் கூடாது.

ஹொண்டா ஒரிஜினல் ரிம்ம அக்வாவுக்குப் போடுறவங்க கவனம். 56.1க்கு 54.1, சுவர் ஒரே மில்லி. அந்த இடத்துல பிளாஸ்டிக் நிக்காது. நட்டும் மாறும்: ஹொண்டா ரிம்முல நட்டு இருக்கை உருண்டை, வெளி ரிம்முல (கார் கம்பெனி செய்யாத ரிம்) 60 பாகை கோன். கோன் நட்ட உருண்டை இருக்கையில போட்டா ஒரு கோட்டுல மட்டும் தொடும், அப்புறம் தளரும். சுசுகி நட்டையும் கலக்காதீங்க. சுசுகி புரி இடைவெளி 1.25 மி.மீ., டொயோட்டா, ஹொண்டா 1.5. ரெண்டு சுத்து ஏறும், மூணாவதுல புரி போயிடும்.

பண்டாரவளை
ரிங்தான் காரோட பாரத்தத் தாங்குதுன்னு சில கடையில சொல்லி விக்கிறாங்க. இல்ல. பாரத்தத் தாங்குறது நட்டு இறுக்கத்துல ரிம்மும் ஹப் முகமும் ஒட்டிப் பிடிக்கிற பிடி. ரிங் மாட்டும்போது மையத்துல நிறுத்த மட்டும்.

அதனால ஹப் முகம் சுத்தமா ஒட்டுதான்னுதான் பார்க்கணும். ரிங்க ரிம்முல கட்டைவிரலால அமுக்குங்க, 'டக்'னு உட்காரும். சுத்தியல் தேவைப்பட்டா அளவு தப்பு. பிறகு ரிம் பின்முகத்துல ஒரு இரும்பு ஸ்கேல குறுக்க வச்சுப் பாருங்க. ரிங்கோட விளிம்பு அந்தச் சரிவு வெட்டுக்குள்ள அடங்கணும். ஸ்கேல் ஆடுச்சுன்னா ரிங் வெளிய நிக்குது. அது ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல நசுங்கி, நட்டு இறுகின மாதிரி காட்டி 50 கிலோமீற்றருல தளர்ந்துடும். ஸ்பேசர் (ரிம்ம வெளிய தள்ள வைக்கிற தட்டு) போட்டிருந்தா இன்னும் கவனம். 5 மி.மீ. ஸ்பேசர் ஹப் உதட்டுல 5 மில்லிய விழுங்கிடும். மிச்சத்துல ரிங் பிடிக்க இடம் இருக்கான்னு பாருங்க.

மாட்டும்போது சமதரை. நம்ம ஊருல சமதரை கிடைக்கிறதே வரம்தான், அதனால எதிர்ப்பக்கச் சில்லுக்கு ரெண்டு பக்கமும் கட்டை. நாலு நட்டையும் கையால ஏத்தி, ஜெக்குல இருக்கும்போதே குறுக்குக் குறுக்கா பாதி இறுக்கி, இறக்கினதும் டோர்க் ரென்ச் (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பேனர்): அக்வாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஃபிட்டுக்கு 108, வேகன் ஆருக்கு 85. ஏர் கன்ல முதல் நட்ட முழுசா அடிக்க விடாதீங்க. 100 கிலோமீற்றர் ஓடிட்டு மறுபடி பாருங்க.

வெலிமட
ஸ்பெயார் வீல் இருக்கிறவங்களுக்கு. பஞ்சர் ஆகி ரிம்மக் கழற்றினா ரிங் பல தடவ ஹப்புலயே நின்னுடும். கம்பெனி இரும்பு ரிம்மோட ஓட்டை 54.1, ரிங் மேல ஏறாது. இருட்டுல, மழையில, ரம்பொடை வளைவுல நின்னுக்கிட்டு நட்டப் போட்டு இழுத்துடாதீங்க. தட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு டிக்கியில வச்சுக்கிட்டு, ரிங்க ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி நெம்பி எடுத்துட்டு ஸ்பெயார மாட்டுங்க. எடுத்த ரிங்க டேஷ்போர்டுல வைங்க, சீட்டுக்கடியில போட்டா மிதிச்சு உடைச்சிடுவீங்க.